5 மடங்குல கையில புடிச்சு சிலந்தி எடுக்குறவங்க இருக்கீங்களா? எனக்கு எல்லாமே மங்கலா வருது

மங்கல்மன்னன்:
வணக்கம் மக்களே, பேரைப் பாத்தே பிரச்சனை புரிஞ்சிருக்கும். ரெண்டு வருஷமா 1:1 (பூச்சி சென்சார்ல நிஜ அளவுலயே விழுற) மேக்ரோ லென்ஸ்ல பூச்சி எடுத்துட்டு இருந்தேன், ஓரளவுக்குக் கை பழகிருச்சு, அந்தத் தெம்புல போன மாசம் 2.5லருந்து 5 மடங்கு வரைக்கும் போற 25 மிமீ மேனுவல் லென்ஸ் ஒண்ணு வாங்கித் தொலைச்சேன். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் பாடி, மேல ஒரு ஃப்ளாஷ். தாவும் சிலந்தி முகத்தை ஃப்ரேம் முழுக்க எடுக்கணும், அவ்ளோதான் ஆசை. நேத்து மட்டும் 340 படம். கண்ணு ஷார்ப்பா இருக்குறது ஒண்ணு கூட இல்ல. ஒண்ணுல காலு ஷார்ப், ஒண்ணுல இலை ஷார்ப், மிச்சமெல்லாம் பனிமூட்டம். வ்யூஃபைண்டர்ல அதைக் கண்டுபிடிக்கவே அரை நிமிஷம் ஆகுது, கண்டுபிடிச்சதும் அது கெளம்பிடுது. செட்டிங்: 5 மடங்கு, அபர்ச்சர் எஃப் 16 (டெப்த், அதான் ஷார்ப்பா தெரியுற ஆழம், வேணும்ல), ஐஎஸ்ஓ 1600, 1/200. ட்ரைபாட் வாங்கணுமா, ஃபோகஸ் ரெயில் (கேமராவை மயிரிழையா நகர்த்துற தண்டவாளம்) வாங்கணுமா, இல்ல லென்ஸை வித்துரட்டுமா?

எட்டுக்காலன்:
லென்ஸ் மேல தப்பில்ல ப்ரோ, விக்காதீங்க. ட்ரைபாடும் வேணாம், நீங்க கால் விரிச்சு நிறுத்துறதுக்குள்ள அது பக்கத்துச் செடிக்குப் போயிருக்கும். முதல்ல அந்த எஃப் 16ஐ விடுங்க. லென்ஸ் மேல போட்டிருக்குற நம்பர் இந்த மடங்குல நிஜ நம்பர் இல்ல. மடங்கோட ஒண்ணு கூட்டி எஃப் நம்பரால பெருக்கிப் பாருங்க, 16 பெருக்கல் 6, ஆக 96. எஃப் 96ல எடுத்துட்டு இருக்கீங்க. டிஃப்ராக்‌ஷன் (சின்ன ஓட்டை வழியா போற ஒளி விரியுறது) என்ன பண்ணும்னா ஒரு ஒளிப்புள்ளி சென்சார்ல கிட்டத்தட்ட 0.13 மிமீ அகலத்துக்குப் பரவி விழும், 24 மெகாபிக்சல் சென்சார்னா இருபது பிக்சலுக்கு மேல. 36 மிமீ அகலத்துக்கு எத்தன புள்ளி வைக்க முடியும்னு வகுத்துப் பாருங்க, முந்நூறு கூட வராது. ஃபோகஸ் கச்சிதமா விழுந்திருந்தாலும் அந்த 340ல ஒண்ணு கூட ஷார்ப்பா வந்திருக்காது. பாவம் உங்க கை மேல பழி விழுந்துருச்சு.

5 மடங்குல எஃப் 4 தாண்டாதீங்க, 2.5ல எஃப் 5.6 வரைக்கும் போலாம்.

மங்கல்மன்னன்:
எஃப் 4ல டெப்த் எவ்ளோ இருக்கும் அப்போ? ஏற்கனவே ஒண்ணும் கெடைக்கலையே.

எட்டுக்காலன்:
5 மடங்கு எஃப் 4ல சுமார் 0.06 மிமீ. ஒரு தலைமுடி தடிமன்னு வச்சுக்கோங்க. 2.5 மடங்கு எஃப் 5.6ல 0.2 மிமீக்குக் கொஞ்சம் கம்மி. மூணு மடங்கு வித்தியாசம். அதனாலதான் சொல்றேன், ஒரு மாசத்துக்கு அந்த ரிங்கை 2.5 தாண்ட விடாதீங்க. 2.5ல ஃப்ரேம் 14.4க்கு 9.6 மிமீ, ஒரு எட்டு மிமீ தாவும் சிலந்தி மொத்தமா அதுல அடங்கிடும். 5ல ஃப்ரேமே 7.2க்கு 4.8தான், கை அரை மிமீ நகந்தா முகம் ஃப்ரேம்ல பதினாலுல ஒரு பங்கு தள்ளிப் போயிடும். முகம் பெருசா வேணும்னா 2.5ல எடுத்து க்ராப் பண்ணுங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க.

பழையகேமரா62:
தம்பி சொல்றது சரி. நாங்க 50 மிமீ லென்ஸைத் திருப்பி மாட்டி, பின்னாடி ட்யூப் வச்சு எடுத்த ஆளுங்க. 50 மிமீ லென்ஸுக்கு 50 மிமீ ட்யூப் போட்டா ஒரு மடங்கு கூடும், கணக்கு அவ்ளோதான். அப்புறம் 1999ல கேனான் எம்பி-இ 65 வந்துச்சு, 1லருந்து 5 மடங்கு வரைக்கும் ஒரே லென்ஸ்ல. ஆனா ஆட்டோ ஃபோகஸும் கெடையாது, தூரத்துல இருக்குற எதுவும் தெரியவும் தெரியாது. உங்க 25 மிமீயும் அதே ஜாதி. அந்த ரிங் ஃபோகஸ் ரிங்னு நெனச்சுத் திருகிட்டு இருக்கீங்களான்னு சந்தேகமா இருக்கு, அது மடங்கு மாத்துற ரிங். ஃபோகஸ் பண்றது உங்க ஒடம்புதான்.

மங்கல்மன்னன்:
சார்... ஆமா. திருகிட்டுதான் இருந்தேன். 😔

ஓரவிழி:
எல்லாரும் திருகிருக்கோம் தல, விடுங்க. இப்ப கைக்கு வருவோம், ஏன்னா இதை யாரும் எழுதி வைக்க மாட்டேங்கறாங்க, "மூச்சை அடக்கிக் க்ளிக் பண்ணு"ன்னு ஒரு வரியோட நிறுத்திடுறாங்க. நான் பண்றது இது. சிலந்தி உக்காந்திருக்குற இலையோட காம்பையோ குச்சியையோ இடது கை ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவுல மெதுவா புடிச்சுக்குவேன், ரொம்ப மெதுவா, இலை அதிர்ந்தா ஆட்டம் க்ளோஸ். அதே இடது கையோட பெருவிரல் அடிமேடு இருக்குல்ல, சதைப்பத்தா, அதுமேல லென்ஸோட முன்பக்கத்தை ஒக்கார வைப்பேன். இப்ப என்ன ஆச்சு, காத்தடிச்சு இலை ஆடினா கை ஆடும், கை ஆடினா லென்ஸ் ஆடும். ரெண்டு பேரும் ஒரே படகுல இருக்காங்க. படகு ஆடலாம், ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள தூரம் மாறாது. நமக்கு அந்தத் தூரம்தான் முக்கியம். இந்த லென்ஸுக்கும் சிலந்திக்கும் நடுவுல சுமார் நாலு சென்டிமீட்டர்தான், அந்த இடைவெளி ஒரு கைக்குள்ள அடங்குற அளவு. யோசிச்சுப் பாத்தா அந்த நாலு சென்டிமீட்டரே நமக்கு வசதி.

அப்புறம் லென்ஸை அந்த மேட்டுல மயிரிழை மயிரிழையா முன்னுக்குத் தள்ளணும், பின்னாடி இழுக்கணும். கையால தள்ளாதீங்க, இடுப்புலருந்து ஒடம்பைச் சாய்க்கணும். முன்னாடி நீட்டிட்டு இருக்குற முடி ஷார்ப்பாகும், அப்புறம் மூக்கு இருக்க வேண்டிய எடம் (அதுக்கு மூக்கில்ல, சும்மா சொல்றேன்), அப்புறம் கண்ணு மேல ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்னு தெரியும். அந்தப் பொட்டு தெரியுறதுக்கு ஒரு துளி முன்னாடியே பட்டனை அமுக்கணும், தெரிஞ்சப்புறம் அமுக்கினா ஏற்கனவே தாண்டிருப்பீங்க.

செவுத்துல இருந்தா? இடது கை முஷ்டியைச் செவுத்துல ஊனி அதுமேல லென்ஸ். அதே கதைதான்.

மங்கல்மன்னன்:
கண்டுபிடிக்கிறதே கஷ்டமா இருக்கே அதுக்கு என்ன பண்றது, வ்யூஃபைண்டர் வேற இருட்டா புள்ளி புள்ளியா தெரியுது

ஓரவிழி:
மேனுவல் அபர்ச்சர்ல எஃப் 16 வச்சா இருட்டாதான் இருக்கும், எஃப் 5.6 வந்தாலே பாதி சரியாயிடும். மெனுல எக்ஸ்போஷர் ப்ரிவ்யூவை ஆஃப் பண்ணுங்க, ஃப்ளாஷ்க்கு வச்ச செட்டிங்கை அது நிஜ வெளிச்சத்துல காட்டப் பாத்து இருட்டடிக்குது. ஃப்ளாஷ் பக்கத்துல ஒரு சின்ன எல்இடி கட்டிக்கோங்க, படத்துக்கு இல்ல, உங்க கண்ணுக்கு. வ்யூஃபைண்டர்ல தேடாதீங்க, வெளியிலருந்து சைடுல பாத்து லென்ஸ் முனையைச் சிலந்திக்கு நேரா கொண்டுவந்து நிறுத்திட்டு அப்புறம் கண்ணை வைங்க.

நிழல்தச்சி:
லென்ஸ் பத்தி இவ்ளோ பேசியாச்சு, வெளிச்சத்தைப் பத்தி யாருமே வாய் தொறக்கலையே. ஐஎஸ்ஓ 1600ன்னு போட்டிருக்காரு கவனிச்சீங்களா? தம்பி, ஒரு சோதனை பண்ணுங்க. அதே செட்டிங்ல, அதே எடத்துல, ஃப்ளாஷை அணைச்சுட்டு ஒரு படம் எடுங்க. படம் கருப்பா வரணும். லேசா இலை தெரிஞ்சாலும் தப்பு, ஏன்னா அந்த வெளிச்சம் 1/200ல பதியுது, அந்த நேரத்துல உங்க கை ஆடுனது எல்லாம் அதுல பதிஞ்சு, ஃப்ளாஷ் போட்ட ஷார்ப் படத்துக்குப் பக்கத்துல ஒரு பேய் மாதிரி நிக்கும். ஐஎஸ்ஓ 100, 200ன்னு எறக்குங்க. ஷட்டர் நம்ம ஆட்டத்தை நிறுத்தாது, ஃப்ளாஷ்தான் நிறுத்தும். ஃப்ளாஷ் முழு பவர்ல சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் எரியும், 1/32 பவருக்கு எறக்கினா பல ஃப்ளாஷ்ல பத்தாயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடும். அதனால பவரைக் கம்மியா வச்சு ஃப்ளாஷைக் கிட்ட கொண்டு வரணும். ஹை ஸ்பீட் சிங்க் போட்டுடாதீங்க, அது ஒரே வெட்டா அடிக்காம துடிச்சுத் துடிச்சு எரியும், உறைய வைக்கிற வேலை நடக்காது.

அடுத்து டிஃப்யூசர், அதான் ஃப்ளாஷ் வெளிச்சத்தை மெத்துனு பரப்புற தடுப்பு. தாவும் சிலந்தி கண்ணு ஒரு குவிஞ்ச கண்ணாடி, முன்னாடி இருக்குறதை எல்லாம் சின்னதாக்கிக் காட்டும். வெறும் ஃப்ளாஷ்னா சுட்ட மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி விழும், ஒடம்பு முடியெல்லாம் எண்ணெய் பூசின மாதிரி மினுங்கும். டிஃப்யூசர் பெருசா இருந்தா மட்டும் பத்தாது, கிட்ட இருக்கணும், லென்ஸ் முனைக்குச் சமமா, முடிஞ்சா ஒரு விரல் முன்னாடியே. நான் பார்சல்ல வர்ற வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைச்சு லென்ஸ் மேல கூரை மாதிரி கவுத்துவேன், உள்ளுக்குள்ள இன்னொரு லேயர் டிரேசிங் பேப்பர், ரெண்டுக்கும் நடுவுல மூணு விரல் இடைவெளி. அந்த இடைவெளி இல்லன்னா நடுவுல மட்டும் பளீர்னு ஒரு சூடான எடம் நிக்கும், ரெண்டு லேயர் போட்டதே வீண். கூரை ஓரம் ரெண்டு பக்கமும் கீழ எறங்கி வரணும், இல்லன்னா தாடைக்குக் கீழ இருட்டு. இதுவரைக்கும் பதினோரு கூரை பண்ணிருக்கேன், வீட்ல பார்சல் வந்தா பொருளை விட்டுட்டு ஃபோமை எடுத்துட்டுப் போறேன்னு ஒரு கெட்ட பேரு இருக்கு.

பழையகேமரா62:
நிழல்தச்சி அம்மா சொன்ன கருப்புப் படச் சோதனை அருமை. நான் இத்தன வருஷமா கண்ணை மூடிக்கிட்டு ஐஎஸ்ஓ 400.

கத்திமுனை:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு? ஒரு டப்பால புடிச்சு ஃப்ரிட்ஜ்ல பத்து நிமிஷம் வைங்க. ஆடாம அசையாம நிக்கும். ட்ரைபாட், ரெயில், 80 படம் ஸ்டாக் (ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்து ஒண்ணா சேக்குறது), வேலை முடிஞ்சுது.

எட்டுக்காலன்:
வந்துட்டாருய்யா. ப்ரோ, அந்தப் படம் பாத்தாலே தெரியும். சிலந்தி காலை நீட்டுறதே ஒடம்புக்குள்ள இருக்குற திரவத்தோட அழுத்தத்துலதான், முக்கியமான மூட்டுகள்ல காலை விரிக்கிற தசையே கெடையாது. அழுத்தம் போச்சுன்னா காலு உள்ள மடங்கும். செத்த சிலந்தி ஏன் சுருண்டு கெடக்குன்னு நெனச்சீங்க? குளிர வச்சதும் பாதி சுருண்ட மாதிரி ஒரு தளர்ச்சியோட நிக்கும், பழகின கண்ணுக்கு டக்குனு தெரிஞ்சுரும். அது போக, அது பத்து நிமிஷத்துல எந்திரிக்குமா எந்திரிக்காதான்னு சூதாட நாம யாரு.

கத்திமுனை:
எந்திரிச்சுதான் போகுது எனக்கு. சும்மா உணர்ச்சிவசப்படாதீங்க.

நிழல்தச்சி:
உணர்ச்சியை விடுங்க, படமா பாப்போம். நீங்க போட்ட படங்கள் எல்லாம் பாத்திருக்கேன், முடி முடியா ஷார்ப், சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணுலயும் அது எதையும் பாக்கல. முன்னாடி இருக்குற ரெண்டு பெரிய கண்ணும் நீளமான குழாய் மாதிரி உள்ள போகுது, லென்ஸ் முகத்தோட ஒட்டிக்கிட்டு அசையாது, உள்ள கடைசியில இருக்குற விழித்திரையைத்தான் அது தசையால அங்கயும் இங்கயும் திருப்பும். உங்களை நேரா பாக்கும்போது கண்ணு கருகருன்னு ஆகும், வேற பக்கம் பாக்கும்போது அதே கண்ணு பழுப்பா வெளுத்துத் தெரியும். கருப்பு ஆகுற அந்த நொடிக்குத்தான் நான் காத்துட்டு கெடப்பேன். ஃப்ரிட்ஜ்ல வச்சதுக்கு அந்த நொடி வரவே வராது.

கத்திமுனை:
ம்ம். சரி அது எனக்குத் தெரியாது. கண்ணு நிறம் மாறுறதை நான் லைட்டிங் கோளாறுன்னு நெனச்சு எடிட்டிங்ல சரி பண்ணிட்டு இருந்தேன்.

ஓரவிழி:
😂😂 ரெண்டு கண்ணும் ரெண்டு நிறமா இருந்துச்சுன்னு ஒருத்தரு எடிட்டிங்ல க்ளோன் ஸ்டாம்ப் (ஒரு எடத்தைக் காப்பி பண்ணி இன்னொரு எடத்துல பூசுற டூல்) வச்ச கதை எனக்கும் தெரியும், அது நான்தான்.

இன்னொரு வேடிக்கை சொல்லவா. 2012ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் ஹசாரியஸ் அடன்சோனிங்கற வீட்டுத் தாவும் சிலந்தியை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. இதுங்க விழித்திரை நாலு அடுக்கு. பச்சை வெளிச்சம் ஒரு அடுக்குல ஷார்ப்பா விழும், பக்கத்து அடுக்குல மங்கலா விழும். எவ்ளோ மங்கல்னு பாத்துத்தான் இரை எவ்ளோ தூரம்னு அது கணக்குப் போடுது. சிவப்பு வெளிச்சத்துல விட்டப்ப கணக்கு தப்பி, இரைக்கு முன்னாடியே குதிச்சு விழுந்துச்சு. நீங்க 340 மங்கல் படத்தோட ஒக்காந்து அழுறீங்க, எதிர்ல நின்ன ஆளு மங்கலை வச்சே குடும்பம் நடத்துது.

மங்கல்மன்னன்:
யோவ் 😂 பேரை மாத்த வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்டாக்கிங் கையில புடிச்சு பண்ண முடியுமா? 80 படமெல்லாம் எனக்கு நடக்காது.

எட்டுக்காலன்:
80 வேணாம். 6லருந்து 15. முன்னாடி நீட்டுற முடிக்கு முன்னாலருந்து ஆரம்பிச்சு, ஒடம்பை மெதுவா சாய்ச்சுக்கிட்டே ஃப்ளாஷ் எவ்ளோ வேகத்துல சார்ஜ் ஆகுதோ அந்த வேகத்துல சீரா எடுத்துட்டே போங்க, கண்ணைத் தாண்டி முதல் ஜோடிக் கால் அடி வரைக்கும் போனா போதும். 1/32 பவர்ல ஃப்ளாஷ் ஓரளவுக்கு ஈடு கொடுக்கும். சாயும்போது லென்ஸ் கோணம் திரும்பிடக் கூடாது, நேர்கோட்டுல போகணும், கோணம் மாறினா முன்னாடி இருக்குற முடிக்கும் பின்னாடி இருக்குற முகத்துக்கும் உறவே மாறிடும், எந்த சாஃப்ட்வேரும் ஒட்ட வைக்காது. அப்புறம் கம்ப்யூட்டர்ல நடுவுல அது அசைஞ்ச ஃப்ரேமையெல்லாம் இரக்கமில்லாம தூக்கிடுங்க. ஜெரீன்ங்கற ஸ்டாக் சாஃப்ட்வேர்ல ரெண்டு முறை இருக்கு, பிமேக்ஸ் முடிக்கு நல்லா வேலை செய்யும் ஆனா நாய்ஸைக் கூட்டிடும், டிமேப் நிறத்தை ஒழுங்கா வச்சுக்கும் ஆனா முடி முடியும் எடத்துல தடுமாறும். ரெண்டையும் போட்டு, டிமேப் மேல பிமேக்ஸ்லருந்து முடியை மட்டும் எடுத்து பூசுவேன். ஹெலிகான்னு இன்னொரு சாஃப்ட்வேர்ல சி மெத்தட் பிமேக்ஸ் மாதிரிதான்.

முகத்துக்கு முன்னாடி தொங்குற அந்த ரெண்டு குட்டிக் கை, அதை ஆட்டிட்டே இருக்கும். ஸ்டாக் முடிஞ்சு பாத்தா நாலு கை இருக்கும். என்கிட்ட பத்து கண்ணு சிலந்தி ஒண்ணு இருக்கு, அது நடுவுல தலையைத் திருப்பிருச்சு.

பழையகேமரா62:
நான் ஸ்டாக்குக்கு எதிரி இல்ல, ஆனா ஒத்தப் படத்துல ஒரு ருசி இருக்கு. கோணத்தைத் தேடுங்க தம்பி. அந்த மெல்லிசு ஃபோகஸ் ஒரு தட்டு மாதிரி நிக்குது, அந்தத் தட்டுல எதையெல்லாம் அடுக்கலாம்னு யோசிக்கணும். நேரா முகத்துக்கு எதிர்ல நின்னா முன் கண்ணு நாலும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில இருக்கு, பெரிய ரெண்டும் மொதல்ல, ஓரத்துச் சின்னது ரெண்டும் கொஞ்சம் உள்வாங்கி. கொஞ்சம் மேலருந்து சாய்ச்சா அதே தட்டுல ஒரு கண்ணும் ஒரு முன்னங்காலும் சேந்து வரும். பார்வைக்குப் படம் முழுக்க ஷார்ப் மாதிரி ஏமாத்தும்.

தொடங்குறவங்களுக்குத் தாவும் சிலந்தியை விட நண்டுச் சிலந்தி நல்லது. பூ மேல கையை விரிச்சு உக்காந்தா மணிக்கணக்கா அசையாது. அதுல கை பழகிட்டு வாங்க. ஓநாய்ச் சிலந்தி வேணாம், ஓடியே சாகடிக்கும்.

நிழல்தச்சி:
நண்டுச் சிலந்தி நல்ல யோசனை சார். அதிகாலைல போனா தாவுறதும் கொஞ்சம் மந்தமாதான் இருக்கும், ஒடம்பு சூடேறலைல்ல. தம்பி இன்னொண்ணு, மூச்சு. அது மேல நேரா விட்டுடாதீங்க. காத்து லேசா அசைஞ்சாலே உணருற மெல்லிய முடி அதுங்க காலுல இருக்கு, நம்ம மூச்சு அதுக்குப் புயல். வாயைக் கோணலா வச்சு பக்கவாட்டுல விடுவேன், பாக்க அசிங்கமா இருக்கும், யாரு பாக்குறா. பின்பக்கமா போய் ஏமாத்தலாம்னு நெனைக்காதீங்க, எட்டு கண்ணும் சேந்து கிட்டத்தட்ட சுத்திமுத்தும் பாக்கும். நேரா, மெதுவா, அதுக்குத் தெரியுற மாதிரியே போங்க. ரெண்டு மூணு தரம் டிஃப்யூசர் மேல தாவும், தாவட்டும், குதிக்கும்போதெல்லாம் ஒரு நூலை ஒட்டி வச்சுட்டுத்தான் குதிக்கும், தொலைஞ்சு போகாது. விரலை நீட்டினா ஏறிக்கும், திரும்ப இலைல விடுங்க. கொஞ்ச நேரத்துல சலிச்சுப் போய் உக்காந்து முகம் கழுவ ஆரம்பிக்கும், அப்ப எடுங்க.

இலையைச் சுருட்டி வெள்ளையா நூல் கட்டியிருந்தா தொடாதீங்க, உள்ள முட்டையோட அம்மா இருக்கலாம்.

கத்திமுனை:
ஃப்ரிட்ஜ் இல்லாம போய்ப் பாத்தேன் இன்னிக்கு. 200 எடுத்து 1. ஆனா கருப்புக் கண்ணு. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

எட்டுக்காலன்:
200க்கு 1 நல்ல ரேட்டு பாஸ்.

மங்கல்மன்னன்:
மக்களே, ஒம்பது நாள் கழிச்சு வர்றேன். 2.5 தாண்டல, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் 1/16 (ஃபோம் ரொம்பத் தடிமன், 1/32 பத்தல). கருப்புப் படச் சோதனை பாஸ். மொத நாலு நாள் நண்டுச் சிலந்தி, பழையகேமரா சாருக்கு நன்றி, அது கடைசி வரைக்கும் அசையவே இல்ல, நான்தான் தூங்கிட்டேன். நேத்து காலைல ஆறரைக்கு ஒரு தாவும் சிலந்தி, ஓரவிழி சொன்ன மாதிரி காம்பைப் புடிச்சு லென்ஸைக் கை மேட்டுல வச்சேன், ஒடனே வித்தியாசம் தெரிஞ்சுது, காத்துல மொத்தமா ஆடுறோம் ஆனா வ்யூஃபைண்டர்ல அது நிக்குது. 60 எடுத்தேன், 4 ஷார்ப். ஒண்ணுல கண்ணு கருப்பு. போட்டிருக்கேன் பாருங்க. ஒண்ணே ஒண்ணு புரியல, ரெண்டு கண்ணுலயும் வெள்ளைக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு போகுது, இது அதோட கண்ணுல உள்ளதா?

நிழல்தச்சி:
கண்ணுல உள்ளது இல்ல தம்பி, உங்க டிஃப்யூசர்ல உள்ளது. ஃபோமை நடுவுல டேப் போட்டு ஒட்டிருக்கீங்கல்ல?

மங்கல்மன்னன்:
அடப்பாவமே. ஆமா, பிரவுன் டேப்.

ஓரவிழி:
படம் சூப்பர் தல. இடது கண்ணுல கீழ் ஓரமா பெருசு பண்ணிப் பாருங்க, குண்டா கருப்பா ஒண்ணு எட்டிப் பாக்குது.

மங்கல்மன்னன்:
என் பெருவிரல்!! சரி, டேப்பை ஓரத்துக்கு மாத்தி ஒட்டிட்டு நாளைக்கு மறுபடி போறேன். அது அதே இலைக்கு அடியிலதான் இருக்கு, இப்ப கூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.